கைட்டோசான் சங்கிலியை வெட்டும் கணக்கு

மார்ச் 4
இறால் ஓட்டிலிருந்து எடுத்த நீளச் சங்கிலிச் சர்க்கரைப் பொருளான கைட்டோசான், 85% அசிட்டைல் நீக்கியது (நூறு அலகில் 85இல் அமினோ தொகுதி இருக்கும்). இந்தச் சங்கிலியை நைட்ரஸ் அமிலத்தால் வெட்டிக் குட்டையாக்குவதே வேலை. ஜாடித் தூளில் 8% ஈரம் இருப்பதால், உலர் எடை 10 கிராம் வேண்டுமென்றால் 10.9 கிராம் நிறுக்கணும். 2.5% அசிட்டிக் அமிலம் 1 லிட்டரில் போட்டு இரவு முழுக்கக் கலக்கல். கரையாத துகளுக்குள் நைட்ரஸ் அமிலம் சரியாகப் புகாது. அங்கே நீளச் சங்கிலிகள் வெட்டுப்படாமல் தங்கிவிடும்.

மார்ச் 5
வடிகட்டி, 4 டிகிரிக்குக் குளிர்வித்து, கரைந்த ஆக்சிஜனை வெளியேற்ற நைட்ரஜன் குமிழி 15 நிமிடம்.

சோடியம் நைட்ரைட் அமிலக் கரைசலில் நைட்ரஸ் அமிலமாகிச் சங்கிலியை வெட்டும்: ஒரு நைட்ரைட், ஒரு வெட்டு. இந்த முறையின் பலமே இதுதான். எண் சராசரி மூலக்கூறு எடை (மொத்த எடையைச் சங்கிலிகளின் எண்ணிக்கையால் வகுத்தது) 2,00,000 என்றால் 10 கிராமில் 0.05 மில்லிமோல் சங்கிலி. 20,000 ஆக வேண்டுமானால் 0.5. வித்தியாசம் 0.45 மில்லிமோல், அதாவது சோடியம் நைட்ரைட் 31 மில்லிகிராம். அதை நேரடியாக நிறுப்பது ஆபத்து. 0.31 கிராமை 100 மில்லி நீரில் அப்போதே கரைத்து, 10 மில்லி எடுப்பதே நல்லது.

பலர் சறுக்குவது இலக்கில். பாகுநிலையிலிருந்து வரும் சராசரி வேறு, எண் சராசரி வேறு. தாறுமாறாக வெட்டுப்பட்ட சங்கிலிகளில் முன்னது சுமார் 1.9 மடங்கு. பாகுநிலைச் சராசரி 20,000 வேண்டுமென்றால் நைட்ரைட் 31 அல்ல, ஏறக்குறைய 62 மில்லிகிராம். தொடக்க மூலக்கூறு எடையில் இருக்கும் பிழை இவ்வளவு படுத்தாது: 2,00,000 என்பது உண்மையில் 3,80,000 ஆக இருந்தாலும் நைட்ரைட் 2 மில்லிகிராம்கூட மாறாது.

வேகமாகக் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாகச் சேர்த்தல். கரைசல் கெட்டி, மொத்தமாக ஊற்றினால் விழுந்த இடத்திலேயே வெட்டு குவிந்துவிடும். புகைக்கூண்டுக்குள், இருட்டில், 4 டிகிரியில் இரவு முழுக்க.

மார்ச் 6
ஒவ்வொரு வெட்டிலும் உண்டாகும் இரு முனைகளில் ஒன்றில் 2,5-அன்ஹைட்ரோமேன்னோஸ் என்ற சர்க்கரை அலகு, அதில் ஒரு ஆல்டிஹைடு. இதை விட்டுவைத்தால் பக்கத்துச் சங்கிலியின் அமினோடு சேரும். உலர்த்தும்போது தூள் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். காரம் சேர்த்து pH 5.5 ஆக்கியபின், ஆல்டிஹைடை ஆல்கஹாலாக மாற்ற சோடியம் போரோஹைட்ரைடு 0.5 கிராம், சிட்டிகை சிட்டிகையாக. அமிலம் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும் என்பதால்தான் இவ்வளவு மிகை. ஹைட்ரஜன் நுரை பொங்கும், பாத்திரம் பாதி காலியாக இருக்கணும். பக்கத்தில் தீ கூடாது.

மார்ச் 7
pH 9க்கு ஏற்றி வீழ்படிவு, கழுவும் நீர் நடுநிலை ஆகும்வரை மையவிலக்கல், பிறகு உறைஉலர்த்தல். மிகக் குட்டையான துண்டுகள் கழுவும் நீரோடு போய்விடும். அதனால் மிஞ்சுவதன் சராசரி கணக்கைவிடச் சற்றுக் கூடும்.

மார்ச் 10
பாகுநிலை அளக்கும் உப்பலோட் குழாய், 0.3 மோலார் அசிட்டிக் அமிலம், 0.2 மோலார் சோடியம் அசிடேட், 25 டிகிரி. உள்ளார்ந்த பாகுநிலை (ஒவ்வொரு சங்கிலியின் பருமனைக் காட்டும் அளவு) மூலக்கூறு எடையின் ஓர் அடுக்காக மாறும்; இந்தக் கரைப்பானில் அந்த அடுக்கு 0.76. தொடக்கத் தூளிலும் சங்கிலி நீளங்கள் இதே பரவலில் இருந்தால், மூலக்கூறு எடை 10 மடங்கு குறையும்போது உள்ளார்ந்த பாகுநிலை 5.75 மடங்குதான் குறையும். அதைவிடக் குறைவாக இறங்கியிருந்தால், முதலில் நைட்ரைட் புட்டியின் வயதைப் பார்க்கணும்.