மனநோய் பாடத்துக்கு ராக்கும் சினிமாவும்

மனநோயைப் பற்றிச் சொல்லித்தர முழுப் படத்தையும் ஓட்டிவிட்டு உட்காராதீர்கள். ஐந்தாறு நிமிடத் துண்டு போதும். பேச்சுக்கு அதைப்போல் மூன்று மடங்கு நேரம் வையுங்கள்.

முதலில் ஒலியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். முகம், நடை, பார்வையை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். பிறகு ஒலியோடு. நம்மைப் பயமுறுத்தியது அந்த மனிதரா, பின்னணி இசையா என்பது அப்போது பிடிபடும். பல படங்களில் பாதி வேலையை வயலின்தான் செய்திருக்கும்!

படம் எங்கே தப்பாகக் காட்டுகிறது என்பதுதான் நல்ல பாடம். 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' (2001) கணித மேதை ஜான் நாஷின் கண்ணெதிரே இல்லாத ஆட்களை நடமாடவிடுகிறது. நிஜத்தில் அவருக்குக் கேட்டவை குரல்கள். அவருக்கிருந்த ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோயில் பெரும்பாலும் அப்படித்தான். குரலைக் கேமராவில் பிடிக்க முடியாதே. 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' (1975) மின்னதிர்ச்சி சிகிச்சையைத் தண்டனையாகக் காட்டுகிறது. இன்று மயக்க மருந்தும் தசைத் தளர்ப்பு மருந்தும் கொடுத்தே செய்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால், நாளை தேவைப்படும் சிகிச்சைக்கு அந்த ஒரு காட்சியே தடையாக நிற்கும்.

ராக் பாட்டுக்கு வரிகளை அச்சிட்டுக் கொடுங்கள், கிதார் இரைச்சலில் சொல் அமுங்கிவிடும். பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழு, மனநலம் குலைந்து குழுவை விட்டுப் போன தன் பழைய பாடகர் சிட் பாரெட்டை நினைத்து 1975இல் பாடியது நண்பர்களின் இழப்பு. நோயாளியின் குரல் அல்ல. "இவருக்கு என்ன நோய்?" என்று கேட்காதீர்கள், வகுப்பு வைத்தியர் விளையாட்டாகிவிடும். "தூக்கம், பேச்சு, உறவு, எதில் மாற்றம்?" என்று கேளுங்கள்.

தற்கொலை முறையைக் காட்டும் காட்சி வேண்டவே வேண்டாம். என்ன வரப்போகிறது என்று முன்பே சொல்லி, எழுந்து போக விரும்புபவரைக் காரணம் கேட்காமல் விடுங்கள்.