குளுட்டமேட் கொடுத்தால் கால்சியம் எந்த வழியாக நுழைகிறது?

ஆய்வகத்தில் சேர்ந்ததும் எனக்குக் கிடைத்த வேலை, வளர்ப்புத் தட்டில் இருக்கும் நியூரான்களுக்கு (நரம்புச் செல்களுக்கு), அவற்றுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான குளுட்டமேட்டைக் கொடுத்து, உள்ளே ஏறும் கால்சியத்தை அளப்பது. அளப்பது பழகிவிடும். எந்த வழியாக ஏறியது என்று பிரித்துச் சொல்வதுதான் பெரிய வேலை.

அளக்கப் பயன்படும் சாயம் ஃபியூரா-2; கால்சியத்தைப் பிடித்ததும் இதன் ஒளிர்வு மாறும். அதன் எஸ்டர் வடிவம் செல் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். உள்ளேயுள்ள நொதிகள் எஸ்டரை வெட்டியதும் எளிதில் வெளியே வர முடியாது. 340, 380 நானோமீட்டர் ஒளியை மாறி மாறிப் பாய்ச்சி, வரும் ஒளிர்வின் விகிதத்தை எடுக்கிறோம். செல்லுக்குச் செல் சாயம் கூடக்குறைய ஏறியிருந்தாலும் கணக்கு பெரிதாகக் கெடாது.

ஓய்வில் இருக்கும் நியூரானுக்குள் கால்சியம் சுமார் 100 நானோமோலார். வெளியே அதைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். குளுட்டமேட் பட்டதும் திரையில் கோடு விறுவிறுவென்று ஏறியது.

சரி, எந்த வாசல்? முதலில் என்எம்டிஏ மட்டும் கொடுத்தேன்; குளுட்டமேட் ஏற்பிகளில் (குளுட்டமேட் ஒட்டியதும் திறக்கும் சவ்வுப் புரதங்களில்) ஒரு வகையை மட்டும் திறக்கும் பொருள் இது. கோடு அசையவே இல்லை. கரைசலில் மக்னீசியத்தை எடுத்துவிட்டு, அந்த ஏற்பி திறக்கத் துணையாகத் தேவைப்படும் கிளைசினைக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்ததும் எகிறியது. ஓய்வு மின்னழுத்தத்தில் மக்னீசிய அயனி அந்த ஏற்பியின் துளையை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று 1984இலேயே காட்டிவிட்டார்கள். படித்தது கண்ணெதிரே நடந்தபோது எனக்குப் புல்லரித்தது. என்எம்டிஏ ஏற்பியைத் தடுக்கும் ஏபி5 சேர்த்ததும் அந்த ஏற்றம் அடங்கியது.

அப்புறம் கைனேட்; இது ஏஎம்பிஏ ஏற்பி என்ற இன்னொரு வகைக் குளுட்டமேட் ஏற்பியையும் திறக்கும். இதற்கும் கோடு ஏறியது, ஆனால் கதை வேறு. பெரும்பாலான ஏஎம்பிஏ ஏற்பிகளில் குளூஏ2 என்ற துணையலகு இருப்பதால் கால்சியம் நேராக நுழைவது குறைவு. சோடியம் உள்ளே பாய்ந்து சவ்வின் மின்னழுத்தத்தை மாற்ற, மின்னழுத்தக் கால்சிய வாயில்கள் திறக்கின்றன. வெளிக்கரைசலில் சோடியத்துக்குப் பதில் வேறொரு அயனியை வைத்தபோது கைனேட்டின் ஏற்றம் வெகுவாகக் குறைந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் "கைனேட் ஏற்பி வழியாகக் கால்சியம் வந்தது" என்று எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நீண்ட நேரம் குளுட்டமேட் கொடுத்துக் கழுவிய பிறகு, சில செல்களில் கோடு பழைய மட்டத்துக்குத் திரும்பவே இல்லை. பக்கவாதத்தில் நியூரான்கள் சாவதற்கு இந்த மிகைத்தூண்டலும் ஒரு காரணம் என்பதால், எனக்கு முக்கியமான பகுதி இதுதான். இதற்கு ஃபியூரா-2 மட்டும் போதாது. கால்சியம் மைக்ரோமோலார் அளவைத் தாண்டினால் அந்தச் சாயம் நிறைந்துவிடும், மேலே எவ்வளவு ஏறினாலும் தெரியாது. கால்சியத்தைத் தளர்வாகப் பிடிக்கும் சாயத்தைப் போட்டு அதே சோதனையை மறுபடியும் செய்யுங்கள்.