மரப்பட்டை எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? வீட்டிலேயே அளக்கலாம்

மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து மாமரத்தின் வெடிப்புக்குள் விரலை விட்டுப் பாருங்கள், ஈரம் இருக்கும். பக்கத்துக் கொய்யா அதற்குள் காய்ந்திருக்கும். அதன் வழவழப்பான தண்டில் தண்ணீர் நிற்பதில்லை, வழிந்து நேரே வேரடிக்குப் போய்விடும்.

பட்டையைப் பஞ்சு என்று நினைப்பது தவறு. வெளிப்பட்டையில் இருப்பது பெரும்பாலும் செத்த தக்கைச் செல்கள். அவற்றின் சுவரில் சூபரின் என்ற, தண்ணீர் ஒட்டாத பொருள் படிந்திருக்கிறது. மரத்தின் ஈரம் வெளியே போகாமல் காப்பது அதுதான். அதனால் மழைநீர் முதலில் வெடிப்பிலும் செதில் இடுக்கிலும் தங்கும். செல் சுவருக்குள் ஊற மணிக்கணக்காகும்.

அளக்க, தானாக உதிர்ந்த பட்டையே போதும். உயிருள்ள மரத்தில் உரிக்காதீர்கள், காயத்தில் பூஞ்சை ஏறும். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாத வரை வெயிலில் காயவைத்து எடை போடுங்கள். பிறகு உட்பக்கத்தையும் ஓரங்களையும் மெழுகால் மூடி மறுபடி எடை போடுங்கள். பலரும் இந்த மெழுகை விட்டுவிடுவார்கள். அப்போது உடைந்த ஓரம் வழியாகத் தண்ணீர் புகுந்து, மரத்தில் நடக்காத கணக்கைக் காட்டும். 24 மணி நேரம் அமுக்கி ஊறவைத்து, எடுத்து, சொட்டு நின்றதும் எடை.

காய்ந்த பட்டை 40 கிராம், மெழுகோடு 43, ஊறியபின் 57 என்றால், பிடித்த தண்ணீர் 14 கிராம், அதாவது 35 சதவீதம். ஆனால் லேசான பட்டையில் இந்தச் சதவீதம் பெரிதாகத் தெரியும். வெவ்வேறு மரங்களை ஒப்பிடக் கன அளவுதான் சரி. தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, ஊறிய துண்டை ஊசியால் குத்தி, கிண்ணத்தில் படாமல் முழுக அமுக்குங்கள். கூடும் ஒவ்வொரு கிராமும் ஒரு கன சென்டிமீட்டர். பிடித்த தண்ணீரை இந்தக் கன அளவால் வகுத்து ஒப்பிடுங்கள்.

மரப்பட்டையில் வேர் பற்றி வளரும் ஆர்க்கிட் பூச்செடிகளை வளர்ப்பவர்களுக்கு இது நேரடியாக உதவும். மரத்தில் கட்டுவதானால் மாமரம் நல்லது. யூகலிப்டஸ் மரம் தன் பட்டையைத் தானே உரித்துப் போடுவதால் பற்றிய வேரும் சேர்ந்து விழும். தொட்டிக்கு வாங்கும் பைன் பட்டைத் துண்டுகள் காய்ந்திருந்தால் ஊற்றும் தண்ணீர் அப்படியே ஓடிவிடும். ஒரு நாள் ஊறவைத்தே நடுங்கள். நாளாக ஆக அதே துண்டுகள் மட்கி அதிக ஈரம் பிடிக்கும், காற்று போகும் இடைவெளி அடைபடும், வேர் அழுகும். விரலால் நசுக்கினால் பொடிந்தால் உடனே மாற்றுங்கள்.