பட்ட மரத்துக்கு விலை

கானாடுகாத்தான் பக்கத்தில் ஓர் ஆச்சி வீட்டுப் பின்கட்டுத் தோட்டத்தில் இலுப்பை மரம் ஒன்று பட்டு நிற்கிறது. கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன், வந்து பார் என்று ஆள் அனுப்பியிருந்தார். மாசிக் கடைசியில் ஒரு காலை, டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போனேன். நெஞ்சளவில் சுற்றளவு எடுத்தேன். உளியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தேன். அடியில் கெட்டிச் சத்தம், வைரம் பாய்ந்த மரம். அண்ணாந்து பார்த்தால் மேலே பொந்து. கன அடிக் கணக்கு மனசுக்குள் ஓடி முடிந்துவிட்டது. திண்ணையிலிருந்து ஆச்சி, "என்ன தம்பி, எவ்வளவு போகும்?" என்றார். வாயைத் திறந்தேன், விலை வரவில்லை. முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஆனது இதுதான் முதல் தடவை.

எல்லாம் போன ஜூன் மாதம் மகள் வீட்டுக்குப் போய் வந்ததன் வினை.

நான் காரைக்குடியில் பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கிறேன். இடிபடுகிற வீடுகளில் நிலை, கதவு, தூண், உத்தரம் வாங்கி, கழுவித் துடைத்து விற்கிற வேலை. என் கண்ணுக்கு மரம் என்றால் படுத்துக் கிடப்பதுதான். நின்றுகொண்டிருந்தால் அது இன்னும் மரமாகவில்லை என்று அர்த்தம்.

மகளும் மாப்பிள்ளையும் ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் ஊரில் இருக்கிறார்கள். விசா, விமானம், குளிர், ராத்திரி பத்து மணிக்கும் சூரியன் இருப்பது, இதெல்லாம் எல்லோரும் எழுதித் தீர்த்தாயிற்று. விட்டுவிடுகிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மலைக் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வரிசை வரிசையாக நெட்டுக்குத்தாக மரங்கள். உள்ளே பகலிலேயே இருட்டு. தரையில் புல் இல்லை, காய்ந்த ஊசியிலை மட்டும். ஐந்து நிமிஷம் நடந்ததும் வீட்டுக்காரி, "ஏங்க, இது நம்ம தைல மரக் காடு மாதிரியே இருக்கே" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. புதுக்கோட்டை ரோட்டில் தைல மரத் தோப்புக்குள் வண்டியை நிறுத்தினால் ஒரு மௌனம் இருக்குமே, அதேதான். குருவிச் சத்தம் கிடையாது.

மகள் விவரம் சொன்னாள். அது சிட்கா ஸ்ப்ரூஸ். டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1831-ல் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவர வைத்தது. முதல் உலகப் போரில் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்து, 1919-ல் அரசாங்கம் ஃபாரஸ்ட்ரி கமிஷன் அமைத்த பிறகு மலை மலையாக நட்டிருக்கிறார்கள். சீக்கிரம் வளரும், நேராக வளரும், வெட்டலாம். வியாபாரியாக எனக்கு அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் போனதுதான் அபர்நெதி. கெயின்கார்ம் மலையடிவாரம், கார்ட்டன் ஏரியைச் சுற்றியுள்ள பழைய காடு. ஒரு காலத்தில் அந்த நாட்டின் மேட்டுப்பகுதி எங்கும் பரவியிருந்த பைன் காட்டில் இன்றைக்கு மிச்சம் 84 துண்டுகள்தானாம், அதில் பெரியவற்றில் இது ஒன்று. இதையும் சும்மா விட்டுவைக்கவில்லை. அந்தக் காலத்தில் வெட்டிய தடிகளை ஸ்பே ஆற்றில் மிதக்கவிட்டுக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இரண்டு உலகப் போரிலும் வெட்டினார்கள்.

பைன் மரத்தின் மேல் எனக்கு மரியாதை கிடையாது. நம்மூரில் அது வெளிநாட்டு மிஷின் வருகிற பேக்கிங் பெட்டி. ஆணி அடித்தால் பிளந்துகொள்ளும். அங்கே ஒரு மரத்தின் முன்னால் நின்றபோதுதான் வாய் அடைத்தது. இரண்டு பேர் கை கோத்தால் கட்டலாம். அடியில் பட்டை பாளம் பாளமாக, சாம்பல் நிறம். மேல்பாதி நம் செம்மண் நிறம், வெயில் பட்டால் தணல் மாதிரி. கிளை நேராக இல்லை. முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போகிறது. வயது முன்னூறுக்குக் குறையாது என்றார்கள். இந்த மாதிரிக் கிழ மரங்களுக்கு அங்கே 'கிரானி பைன்' என்று பெயர். அப்பத்தா மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிசின் கசிந்த இடத்தில் விரலை வைத்து மோந்து பார்த்தேன். குங்கிலிய வாசம்.

அதற்குப் பத்தடி தள்ளி ஒரு மரம் பட்டுப்போய் நின்றது. பட்டை உரிந்து, வெள்ளி மாதிரி வெளுத்து, உடம்பெல்லாம் ஓட்டை. என் கண் அதைத்தான் அளந்தது. காட்டில் வேலை பார்க்கிற ஒரு பெண் வழியில் வந்தார். மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன்: இவ்வளவு மரம் வீணாகிறதே, ஏன் எடுக்கவில்லை?

அந்தப் பெண் சிரிக்கவில்லை. வீணாகவில்லை, வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்றார். தலையில் கொண்டை வைத்த ஒரு சின்னக் குருவி, கிரெஸ்டட் டிட் என்று பெயர், பிரிட்டனிலேயே இந்த மேட்டுப்பகுதிப் பைன் காடுகளில்தான் இருக்கிறதாம். அது மக்கிப்போன பட்ட மரத்தைத் தன் அலகால் குடைந்துதான் கூடு வைக்கும். அதோடு விடவில்லை. பைன் ஹோவர்ஃபிளை என்று ஒரு ஈ. அதன் புழு, பைன் அடிக்கட்டையில் தண்ணீர் தேங்கி அழுகிய குழிக்குள்தான் வளரும். அப்படிப்பட்ட கட்டை குறைந்துபோனதால் ஈ அற்றுப்போகிற நிலைமை. அதனால் இவர்களே செயின்சாவை எடுத்துப்போய் அடிக்கட்டைகளில் குழி வெட்டி வைக்கிறார்கள். பட்ட மரம் போதவில்லை என்று சில இடங்களில் பச்சை மரத்தையே இழுத்துச் சாய்த்துப் போடுகிறார்களாம்.

ஒரு ஈக்காக. நான் மகளிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அங்கிருந்து நடந்த பாதையோரம் இடுப்பளவு உயரத்தில் ஊசியிலைக் குப்பை குவித்த மாதிரி ஒன்று. கிட்டப் போனால் குவியல் முழுக்க அசைகிறது. எறும்பு. நம்ம முசுறை விடத் தடித்தது, நெஞ்சு செம்பழுப்பு, பின்பக்கம் கறுப்பு. ஒவ்வொன்றும் தன்னைவிட நீளமான ஊசியிலையைக் குறுக்கே பிடித்து, உத்தரம் தூக்குகிற ஆள் மாதிரி பின்னுக்கும் முன்னுக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொருகுகிறது. மாப்பிள்ளை உள்ளங்கையைக் குவியலுக்கு ஒரு சாண் மேலே பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கீழே நூறு எறும்பு வயிற்றை முன்னால் மடக்கிக்கொண்டு நின்றது. ஈரம்கூடத் தெரியவில்லை. கையை மூக்குக்குக் கொண்டுவந்தால் சுள்ளென்று காடி நெடி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரி கொண்டுவந்த தயிர்சாதத்தை அந்தக் கையால் சாப்பிட விடவில்லை.

அணிலும் பார்த்தோம். முதுகில் ராமர் கோடு போடாத அணில். செங்கல் நிறம், காதில் மயிர்க்குஞ்சம். பைன் காயை இரண்டு கையாலும் உருட்டி, செதிலைக் கடித்துத் துப்பி, உள்ளே இருக்கிற விதையைத் தின்கிறது. கீழே கிடந்த மிச்சத்தை எடுத்துப் பார்த்தேன், தின்று போட்ட மக்காச்சோளத் தண்டு மாதிரி இருந்தது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட சாம்பல் அணில் இங்கிலாந்தில் இதை ஏறக்குறைய ஓட்டிவிட்டது. ஒரு வகை அம்மையையும் பரப்புகிறதாம். சீமைக் கருவேல் கதைதான். நமக்கு விளக்கம் தேவையில்லை.

கேப்பர்கேய்லி என்ற பெரிய காட்டுச் சேவலைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றே பலகை வைத்திருக்கிறார்கள். குஞ்சு வளர்கிற காலம், பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று. பெயருக்கு அந்த ஊர்ப் பழைய பாஷையில் காட்டுக் குதிரை என்று பொருள். ஒரு தடவை பூண்டோடு அழிந்து, 1837-ல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்ட பறவை, இப்போது மறுபடியும் சில நூறுக்கு வந்து நிற்கிறது.

ஏரிக்கரையில் மறைவிடத்திலிருந்து டெலஸ்கோப்பில் விராலடிப்பானைக் காட்டினார்கள். நம் கண்மாய்க்கும் குளிர்காலத்தில் வருகிற அதே சாதிப் பருந்து. அங்கே முட்டைத் திருடர்களாலும் துப்பாக்கிக்காரர்களாலும் அற்றுப்போய், 1954-ல் இந்தக் காட்டில்தான் திரும்பக் கூடு கட்டியிருக்கிறது. 1958-ல் ராத்திரி ஒருவன் ஏறி முட்டையை எடுத்துவிட்டு, கோழிமுட்டைக்கு பூட்ஸ் பாலிஷ் தடவிக் கூட்டில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறான். பழைய சாமான் தொழிலில் புது மரச் சட்டத்துக்குப் பாலிஷ் தடவி நூறு வருஷப் பழசு என்று விற்கிறவர்களை எனக்குத் தெரியும். இவ்வளவு தைரியசாலியைக் கேள்விப்பட்டதில்லை. அடுத்த வருஷம் ஒளித்து வைப்பதை விட்டுவிட்டு, வாருங்கள் பாருங்கள் என்று கூட்டையே ஜனங்களுக்குக் காட்ட ஆரம்பித்தார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தால் திருடன் வரமாட்டான். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் வேட்டங்குடிப் பறவைகளைக் காப்பதை நான் மாப்பிள்ளைக்குச் சொன்னேன். அவர் மதுரைக்காரர், கேள்விப்பட்டதே இல்லையாம்.

திரும்பும்போது காரில் இன்னொன்று தோன்றியது. நம் செட்டிநாட்டு வீட்டு வளவுகளில் நிற்கிற தூணெல்லாம் பர்மாத் தேக்கு. அங்கே தேக்கு வெட்டிய பெரிய கம்பெனிகளில் ஒன்றான பாம்பே பர்மாவை 1863-ல் தொடங்கிய வாலஸ் சகோதரர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். பர்மாவில் வட்டிக்குக் கொடுத்தது நம்ம ஊர், மரம் வெட்டியது அவர்கள் ஊர். அந்தக் காட்டிலும் பட்ட மரத்தைக் குடைந்து ஏதோ குருவி இருந்திருக்கும். நான் விற்ற தூண் ஒவ்வொன்றும் எங்கே நின்றிருக்கும் என்று முன்பு யோசித்ததில்லை. தொழிலுக்கு ஆகாத யோசனை.

சரி, இலுப்பை மரத்துக்கு வருகிறேன். பொந்தை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சைக்கிளி ஒன்று தலையை நீட்டியது. உள்ளே குஞ்சு கத்துகிற சத்தம்.

"குஞ்சு வச்சிருக்கு ஆச்சி. வைகாசியில வந்து விலை சொல்றேன்."

"ஏன் தம்பி, கிளிக்கும் சேர்த்துக் காசு தரப்போறியா?"

"இல்ல ஆச்சி, பறந்து போகட்டும்."

ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்குள்ள ஒடிஞ்சு ஓட்டு மேல விழுந்தா, ஓட்டுக்கு நீதான் காசு கொடுக்கணும்."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நேற்று ராத்திரி நல்ல காற்று. இரண்டு தடவை எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தேன்.