காம்பகி ஆறு மாடல்: மூன்றாவது வாரம்

ஒருவழியாக ஆறு, ஆறு மாதிரி தெரிகிறது. முதலில் கரையைத் தெர்மாகோலில் வெட்டி, மேலே ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். கண்ணெதிரே உருகிக் குழிந்தது. இப்போது அட்டையும் பசையில் குழைத்த மரத்தூளும்தான்.

நான் செய்வது 1863 ஜூன் 2 விடியற்காலை, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் கரோலினாவின் காம்பகி ஆற்றில் நடந்த மீட்பு. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து தப்பிய ஹாரியட் டப்மன், வடக்குத் தரப்புப் படையின் கர்னல் மான்ட்கோமரியோடு சேர்ந்து நெல் பண்ணைகளிலிருந்து 700 பேருக்கு மேல் மீட்டுவந்தார். கூடப் போன சுமார் 300 வீரர்களில் பெரும்பாலானோரும் முன்னாள் அடிமைகளே. பூஃபோர்ட்டிலிருந்து கிளம்பிய மூன்று நீராவிப் படகுகளில் சென்டினல் வழியிலேயே தரைதட்டியது. எனக்கு ஒரு படகு வேலை மிச்சம்!

எரியும் களஞ்சியம், உடைந்த மதகு, வெள்ளம் பாய்ந்த வயல் எல்லாம் சுலபமாக வந்துவிட்டன. சிக்கல் உளவு வேலையைக் காட்டுவதில்தான். ஆற்றில் கண்ணிவெடிகள் மிதந்தன. அவை எங்கே என்று பண்ணை அடிமைகளிடமிருந்து டப்மனின் ஆட்கள் விசாரித்து வைத்திருந்தார்கள். அது நடக்காமல் ஒரு படகும் மேலே போயிருக்காது. ஆனால் தெரிந்துவைத்திருந்ததை மாடலில் எப்படிக் காட்டுவது? கடுகை வெடியாக ஒட்டிப் பார்த்தேன், கேலிக்கூத்தாக இருந்தது, பிய்த்துவிட்டேன். பிறகு படகுக்குப் பின்னால் வரும் நுரைத்தடத்தை நேராக வரையாமல் வளைத்தேன். வெறும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போகிற படகு. பார்ப்பவர் ஏன் என்று கேட்டால் போதும். (1899இல் டப்மனுடைய மாத ஓய்வூதியம் 20 டாலராக உயர்ந்தது, அதுவும் போரில் நர்ஸாக இருந்ததற்கு. உளவுக்கு அல்ல.)

மனிதர்கள் அகர்பத்திக் குச்சித் துண்டுகள். அளவு 1:300, ஆளுக்கு ஆறு மில்லிமீட்டர். இதுவரை 240 நறுக்கியிருக்கிறேன், கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது. தளத்தில் அடுக்க அடுக்க இடம் போதவில்லை. சரி, அன்றைக்கும் அப்படித்தானே! இடம் கிடைக்காதோ என்ற பயத்தில் கரையிலிருந்தவர்கள் சிறு தோணிகளை விடாமல் பிடித்துக்கொண்டார்களாம்.

அடுத்தது, டப்மன் பின்னாளில் சொன்ன ஒரு பெண். அடுப்பிலிருந்து அப்படியே எடுத்த சோற்றுப் பானை தலையில் ஆவி பறக்க ஓடிவந்தாள்; முதுகில் தொங்கிய குழந்தை பானைக்குள் கைவிட்டுச் சோற்றை அள்ளித் தின்றுகொண்டிருந்தது. பிய்த்த கடுகு பானைக்குச் சரியாக இருக்கிறது. அந்தக் குழந்தையின் கைக்குத்தான் இன்னும் எதுவும் அகப்படவில்லை.