பதினோராம் எண்

பிப்ரவரி 2

குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போடலாம் என்று அத்தையிடம் இரண்டு மணி நேரம் பேசியதில் தேறியது பத்து நிமிடம். "தாத்தாவைப் பத்திச் சொல்லுங்க அத்தை" என்றால், "நல்ல மனுசர்ப்பா" என்பதோடு முடிந்துவிடுகிறது. கிளம்பும்போது சும்மா ஒரு போட்டோவை நீட்டினேன். "அந்த நாற்காலிக்கு மூணு கால்தான். உங்கப்பன் பின்னாடி உட்கார்ந்து பிடிச்சுக்கிட்டிருக்கான்" என்றார். உற்றுப் பார்த்தால் முதுகுச் சட்டத்தில் நாலு விரல்! இத்தனை வருடம் கண்ணில் படவே இல்லை. அதற்குள் ரெக்கார்டரை அணைத்துத் தொலைத்திருந்தேன். இனி முதலில் போட்டோ, அப்புறம்தான் கேள்வி.

பிப்ரவரி 11

வம்சப் பட்டியலுக்கு, 1590இல் ஆஸ்திரிய வரலாற்றாசிரியர் மிகாயேல் ஐட்சிங்கர் அச்சில் கையாண்ட முன்னோர் எண்முறையையே எடுத்துக்கொண்டேன். நான் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா; அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. என் எண் போக, இரட்டை எண்ணெல்லாம் ஆண், ஒற்றை எண்ணெல்லாம் பெண்.

15 வரை போட்டதில் 11 மட்டும் காலி. அப்பாவின் அம்மாவான அப்பாயியைப் பெற்ற தாய். அத்தைக்குப் போன் செய்தேன். "எல்லாரும் பாட்டின்னுதானே கூப்பிட்டோம், பேரு யாருக்குத் தெரியும்?" இரட்டை எண்களில் ஒன்றுகூடக் காலியில்லை. அவர்கள் கையெழுத்துப் போட்ட காகிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன.

மார்ச் 6

தாத்தாவும் அவர் தம்பியும் ஏன் பேச்சை நிறுத்தினார்கள்? பெரியப்பா கணக்குத் தகராறு என்கிறார். அத்தையோ, ஒரு கடிதத்துக்குப் பதில் போடாத கோபம்தான் என்கிறார். இரண்டையும், சொன்னவர் யார் என்ற குறிப்போடு, அடுத்தடுத்து வைத்துவிட்டேன். "எது உண்மையோ அதை மட்டும் எழுது" என்று பெரியப்பா முறைத்தார். அது தெரிந்தால் எழுதமாட்டேனா?

மார்ச் 19

போட்டோக்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து முடித்தாயிற்று. பெரியப்பா எப்போதோ டைப் செய்த குறிப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்ததால் திறந்ததும் ஒரே குப்பை. எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தும் ஒற்றுகள் பாதி காணோம். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதிகளை எடுத்துவிட்டேன். அட்டைக்கு அவசரப்படவில்லை; பக்க எண்ணிக்கை உறுதியானால்தான் புத்தக முதுகின் அகலம் தெரியும்.

ஏப்ரல் 9

மாதிரிப் பிரதி வந்தது. திரையில் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தைக்கிற பக்கம் ஓரம் போதவில்லை. அப்பாவின் நாலு விரலும் மடிப்புக்குள் போய்விட்டன.

அதைவிடப் பெரிய கூத்து வம்சப் பட்டியலில். பெயர் இல்லாத வரியைப் பிழை என்று நினைத்துப் பக்கம் அமைத்தவர் நீக்கிவிட, தானியங்கி எண் அதற்குக் கீழே இருந்த ஒவ்வொருவரையும் ஒரு படி மேலே தள்ளியிருக்கிறது. 11இல் அம்மாவழிக் கொள்ளுத்தாத்தா மீசையோடு உட்கார்ந்திருந்தார். ஒற்றை எண்ணில் மீசை! அதனால்தான் கண்டுபிடித்தேன்.

ஏப்ரல் 10

அத்தையிடம் மறுபடி போனேன். பெயரைக் கேட்கவில்லை, பாட்டியின் கை எப்படி இருக்கும் என்று கேட்டேன். அத்தை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இல்லாத ஒரு நூலின் நுனியை முறுக்கிக் காட்டினார்.

எண்களைக் கையாலேயே அடித்தேன். உள்ஓரத்தை 20 மில்லிமீட்டர் ஆக்கினேன். 11க்கு நேரே: "பெயர் தெரியவில்லை. கடைசி வரை கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்தவர். சொன்னவர்: அத்தை." கோப்பை அனுப்பிவிட்டேன்.