வாட்டர்ஷெட் மதிப்பீட்டுக்காக மூன்று நடை

பேரையூர் பக்கம் ஒரு கிராமம். ஊர் மக்களே கூடிப் பேசித் திட்டம் போட்டதாகச் சொல்லப்பட்ட நீர்வடிப்பகுதி (வாட்டர்ஷெட்) வேலைகள், அதாவது மழைநீரை ஓடவிடாமல் தடுத்து நிலத்தில் இறக்கும் வேலைகள், முடிந்திருந்தன. உண்மையிலேயே கூடித்தான் போட்டார்களா என்று பார்க்க மூன்று பேர் போனோம்.

முதல் நடை சுத்தமாக வீண். தீர்மான நோட்டு செயலாளர் வீட்டுப் பீரோவில். சாவி அவரோடு திருப்பூரில். போதாததற்கு, காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டோம். நூறு நாள் வேலைக்குப் போனவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் அந்நேரம் எப்படி வருவார்கள்? கண்மாய்க்குக் கீழே நஞ்சை வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் வந்து, எல்லாம் நல்லபடியாக நடந்தது என்றார்கள். புறப்படும் முன் போன் போட்டு, நோட்டு யார் கையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை நோட்டு கிடைத்தது. வேலைகளை நடத்தும் ஊர்க் கமிட்டியில், மத்திய அரசின் 2008 வழிகாட்டுதலின்படி, குறைந்தது 10 பேர் இருக்க வேண்டும். அதில் பாதி சுய உதவிக் குழுவினர், பயனாளிகள், பட்டியல் சாதியினர், பெண்கள், நிலமில்லாதவர்கள். ஏட்டில் எல்லாம் சரி. ராத்திரி காலனியில் போய் உட்கார்ந்த பிறகுதான், "நோட்டு வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போடுவோம். கூட்டத்துக்கு ஒருநாளும் கூப்பிட்டதில்ல" என்றார் கமிட்டி உறுப்பினரான ஓர் அக்கா. அதே வழிகாட்டுதலின்படி, சொந்த நிலத்தில் வரப்பு போட்டால் நிலக்காரர் செலவில் 10 சதவீதம் பங்குத்தொகை கட்ட வேண்டியிருந்தது. சிறு, குறு விவசாயி என்றால் 5. அதை வேலை செய்தவர்களின் கூலியில் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள். ரசீதில் மட்டும் நிலக்காரர் பெயர். இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

கிணற்று நீர்மட்டம் ஏறியதாகவும் அறிக்கை சொன்னது. முதல் அளவு மே மாதம் எடுத்தது, கடைசி அளவு டிசம்பரில். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தடுப்பணை இல்லாமலே கிணறு ஏறும். ஒரே மாதத்து அளவுகளை, அந்தந்த வருஷ மழையளவோடு வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

பழைய அளவுக்கு எங்கே போவது? மூன்றாவது நடையில் ஒரு பெரியவர் கை கொடுத்தார். "முந்தி சித்திரையில பத்தாம் படிக்குக் கீழ கிடக்கும், இப்ப ஏழாம் படியில நிக்குது." அப்புறம் கிணறு கிணறாகப் போய்ப் படியைக் கேட்டோம். கசிவுநீர்க் குட்டைக்குப் பக்கத்துக் கிணறுகளில் மாற்றம் தெரிந்தது. மேட்டுக் கிணறுகளில் இல்லை. மேட்டிலிருந்து தொடங்கியிருக்க வேண்டிய வேலை அங்கே நடக்கவே இல்லை என்று ஆடு மேய்ப்பவர்கள் கூட்டிப்போய்க் காட்டினார்கள்.

படிக் கணக்கெல்லாம் ஓர் அளவா என்று ஆபீஸில் கேட்டார்கள். ஒவ்வொரு கிணற்றிலும் படியின் உயரத்தை டேப் வைத்து அளந்து, அடிக்கணக்காக மாற்றிக் கொடுத்தோம். ஏற்றுக்கொண்டார்கள்.